தம்பிக்கு கோர்ட் மார்ஷல் என்று போன் வந்தால்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் கிளார்க்காகச் சேர்ந்து, ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். பட்டாலியன் ஆபீஸில் எத்தனையோ சார்ஜ் ஷீட் என் கையால் தட்டச்சானது. அதனால் சத்தி, அந்தியூர், நம்பியூர் பக்கம் யார் வீட்டுப் பையனுக்குப் பட்டாளத்தில் வில்லங்கம் என்றாலும் என் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நான் வக்கீல் இல்லை. எந்தக் காகிதத்தை எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது தெரியும், அவ்வளவுதான்.

சமீபத்தில் ஒரு அம்மா வந்திருந்தார். மகனை டிஸ்மிஸ் செய்த ஆர்டரை மஞ்சள் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார். "ஏனுங்க, அங்கெல்லாம் வக்கீலு வெக்க முடியாதாமுங்க. பெரிய ஆபீசர் சொன்னா முடிஞ்சுதாமுங்க. பையன் அப்படித்தானுங்க சொன்னான்" என்றார். பையன் சொன்னதில் பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியை நம்பித்தான் அவன் 'கில்ட்டி', அதாவது குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன், என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவக் கோர்ட், உட்காருவதற்கு முன்னால் அவனுக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் வீட்டுக்குப் போன் செய்தவன், அழுதுவிட்டு வைத்துவிட்டான்.

இந்தக் கட்டுரை அந்த நான்கு நாளைப் பற்றியும் அதற்கு முந்தைய நாட்களைப் பற்றியும்தான். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நிறையவே கொடுத்திருக்கின்றன. ஆனால் பலவற்றை வாய் திறந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். கோர்ட் உட்கார்ந்த பிறகு கேட்பதில் பாதிக்கு மேல் பயன் கிடையாது.

முதலில் இது எந்தக் கோர்ட் என்று கேளுங்கள்

பையன் போனில் 'கோர்ட் மார்ஷல்' என்றதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ., முன்னால் தொப்பி பெல்ட்டைக் கழற்றி நிறுத்தினாலே நம்ம பையன்கள் கோர்ட் மார்ஷல் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் 'பேஷி'. சட்டத்தின் 80ஆம் பிரிவில் சி.ஓ. நேரடியாகக் கொடுக்கும் தண்டனை. அதிகபட்சம் 28 நாள் காவல், அல்லது அதற்குக் கீழே அபராதம், கண்டிப்பு என்று போகும். கோர்ட் என்பதே அதில் இல்லை.

இதில் இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்று, பேஷியில் தண்டனை வாங்கிவிட்டால் அதே குற்றத்துக்குத் திரும்பவும் கோர்ட் மார்ஷல் வைக்க முடியாது. 121ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இன்னொன்று, பையன்கள் அலட்சியமாக வாங்கிக்கொள்ளும் சிவப்பு மை என்ட்ரி, அதாவது அவன் பதிவில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பு. நாலு சிவப்பு சேர்ந்தால் 'வேண்டாதவன்' என்று வீட்டுக்கு அனுப்ப வழி உண்டு. நாலு சிவப்பு என்ற கணக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பக்கூடாது, விசாரித்து, அவனுடைய சர்வீஸ் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நாலு வரை போகவிடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

கோர்ட் மார்ஷல் என்பது உறுதியானால், ராணுவத்தில் அது நான்கு வகை. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்காருவார்கள். மரண தண்டனை வரை அதற்கு அதிகாரம் உண்டு. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 3 பேர், தண்டனை 2 வருடச் சிறைக்கு மேல் போகாது. சம்மரி ஜெனரல் என்ற மூன்றாவது வகை பெரும்பாலும் போர்முனைச் சமாச்சாரம், அதை விடுங்கள். சிப்பாய் முதல் ஹவில்தார் வரை, அதாவது நம்ம ஊரிலிருந்து போகும் பையன்கள் அனேகமாக எல்லோரும், மாட்டுவது நான்காவது வகையில்: சம்மரி கோர்ட் மார்ஷல். இதில் சி.ஓ. ஒருவர்தான் கோர்ட். கூட இரண்டு பேர், அதிகாரிகளோ சுபேதார் மாதிரி ஜே.சி.ஓ.க்களோ, கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. சி.ஓ. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் 1 வருடம் வரை சிறை கொடுக்கலாம், டிஸ்மிஸ் செய்யலாம். அதற்குக் கீழ் ரேங்க் என்றால் சிறை 3 மாதம் வரைதான்.

சூலூர் மாதிரி விமானப்படைத் தளத்தில் இருக்கும் பையனுக்கு விமானப்படைச் சட்டம். அதில் சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற வகையே இல்லை. கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் தனி. ராணுவத்தில் அக்னிவீராகச் சேர்ந்தவனுக்கு, நாலு வருடப் பையன்தானே என்று விலக்கு எதுவும் கிடையாது, இதே 1950 சட்டம்தான்.

லீவுக்கு வந்தவன் திரும்பாமல் இருந்தால்

நம்ம பக்கத்துக் கேஸில் பாதி இதுதான். மஞ்சள் அறுவடைக்கு லீவில் வருவான், பண்ணாரி குண்டம் முடித்துவிட்டுப் போகலாம் என்று தங்குவான், அப்புறம் போகவே பயந்துகொண்டு மாமியார் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். வீட்டாரும் "உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம் கண்ணு" என்பார்கள்.

லீவு முடிந்து திரும்பாதது 39ஆம் பிரிவு. அதிகபட்சம் 3 வருடம். திரும்பும் எண்ணமே இல்லாமல் ஓடிப்போனது 38, டிசர்ஷன். அதற்கு 7 வருடம் வரை, ஆக்டிவ் சர்வீஸில், அதாவது போர்முனை மாதிரியான பணியில், என்றால் மரண தண்டனை வரை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மனதில் இருந்த எண்ணம். அதைக் காகிதத்தால்தான் காட்ட முடியும். 30 நாள் தாண்டினால் யூனிட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி என்னும் உள் விசாரணைக் குழு உட்கார்ந்து அவன் இல்லாததைப் பதிவு செய்யும். அதன் பிறகும் அவன் சரணடையாமலோ பிடிபடாமலோ இருந்தால் ஓடிப்போனவன் என்றே கணக்கு. உள்ளூர் போலீஸுக்கும் தகவல் வரும்.

ஆகவே 30 நாளுக்குள் அனுப்பி வையுங்கள். சொந்த யூனிட்டுக்குப் போவதுதான் நல்லது. முடியாவிட்டால் பக்கத்து ராணுவ முகாமில் ஆஜராகி, ஆஜரான தேதியைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் அரசு மருத்துவமனையில் காட்டி, அன்றைக்கே சி.ஓ.வுக்குப் பதிவுத் தபால் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தெரிந்த டாக்டரிடம் பின்தேதி போட்டு வாங்கிய சர்டிபிகேட் வேண்டவே வேண்டாம். அது பொய் என்று தெரிந்துவிட்டால் இருக்கிற ஒரு குற்றம் இரண்டாகும்.

லீவில் வந்த இடத்தில் அடிதடி என்று உள்ளூர் ஸ்டேஷனில் கேஸ் ஆனால் விஷயம் வேறு. சாதாரணக் கோர்ட்டா கோர்ட் மார்ஷலா என்று ராணுவ மேலதிகாரி முடிவு செய்யலாம். ராணுவத்தைச் சேராத ஒருவரைக் கொலை செய்தது, பாலியல் வன்கொடுமை செய்தது போன்றவை மட்டும், ஆக்டிவ் சர்வீஸ், வெளிநாடு, அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடி தவிர மற்ற இடங்களில் நடந்திருந்தால், சாதாரணக் கோர்ட்டுக்குத்தான் போகும்.

காவலில் வைத்தால்

தேதியையும் மணியையும் குறித்து வையுங்கள். காவலில் எடுத்த 48 மணி நேரத்துக்குள் சி.ஓ. குற்றச்சாட்டை விசாரிக்கத் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் மேலே காரணம் எழுத வேண்டும். கோர்ட் மார்ஷலுக்கு உத்தரவாகாமலே காவல் 8 நாளைத் தாண்டினால் தாமதத்துக்கு விளக்க அறிக்கை போக வேண்டும், அதற்குப் பிறகும் 8 நாளுக்கு ஒரு தரம். காவலில் இருந்த நாட்கள் பின்னால் சிறைத் தண்டனையில் கழியும். எந்த அலுவலகத்திலும் 'தாமதத்துக்குக் காரணம் எழுது' என்றால்தான் பேனா நகரும். அதனால் 8 நாள் அறிக்கை போயிருக்கிறதா என்று மரியாதையாக ஒரு கடிதத்தில் கேட்பதில் தப்பே இல்லை.

சாட்சி எடுக்கும் நாட்கள்

இனி சொல்வதை மெதுவாகப் படியுங்கள். கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான், கோர்ட் ஹாலில் இல்லை.

22ஆம் விதிப்படி சி.ஓ. குற்றச்சாட்டைப் பையன் முன்னிலையில் கேட்க வேண்டும். எதிர்த் தரப்புச் சாட்சியைப் பையன் குறுக்குக் கேள்வி கேட்கலாம், தன் சாட்சியை அழைக்கலாம், தன் பக்கத்தைச் சொல்லலாம். குற்றமே ஆகவில்லை என்று பட்டால் சி.ஓ. அங்கேயே தள்ளுபடி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சாட்சிகளை எழுத்தில் எடுக்கச் சொல்வார். அதுதான் 23ஆம் விதியின் சம்மரி ஆஃப் எவிடென்ஸ். ஒவ்வொரு சாட்சியும் சொன்னதைப் பையன் முன்னால் எழுதுவார்கள், படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். இங்கேயும் அவன் கேள்வி கேட்கலாம்.

நம்ம பையன்கள் என்ன செய்கிறார்கள்? சாட்சி தன் சீனியர். இந்தியில் பேசுகிறார். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று "நஹி, சாப்" என்று முடித்துவிடுகிறார்கள். காகிதத்தில் 'குற்றம் சாட்டப்பட்டவர் குறுக்கு விசாரணை செய்ய மறுத்தார்' என்று ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரியை எத்தனை தரம் நானே தட்டச்சு செய்திருக்கிறேன் என்று எண்ணினால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. பெரிய கேள்வி வேண்டாம். "அன்றைக்கு மணி என்ன?", "நீங்கள் எங்கே நின்றீர்கள்?", "வேறு யார் பார்த்தார்கள்?" இந்த மூன்றைக் கேட்டாலே சாட்சியின் நிறம் தெரிந்துவிடும்.

கடைசியில் பையனிடம் வாக்குமூலம் கேட்பார்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும்: சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் எழுதப்படும், அது சாட்சியமாகவும் வரலாம். "உண்மையை எழுதிக் கொடு, சின்னதாக முடித்துவிடலாம்" என்று யாராவது தோளில் கை போட்டுப் பேசினால், அங்கே வாயை மூடிக்கொள்ளலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

இதற்கும் முன்னால் கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்திருந்தால் 180ஆம் விதி. ஒருவனுடைய நடத்தையோ ராணுவ மதிப்போ பாதிக்கப்படும் என்றால் அவன் ஆரம்பம் முதல் கடைசி வரை உட்கார்ந்திருக்க வாய்ப்புத் தர வேண்டும், சாட்சியைக் கேள்வி கேட்க விட வேண்டும். பாதியில் அழைத்து, "இதில் கையெழுத்துப் போடு" என்பது விதிமீறல். அங்கே அவன் சொன்னதை, பொய்ச் சாட்சி வழக்கு தவிர, கோர்ட் மார்ஷலில் அவனுக்கு எதிராகக் காட்டவும் முடியாது.

96 மணி நேரம்

34ஆம் விதி. குற்றச்சாட்டைப் படித்து 'ஒப்புக்கொள்கிறாயா' என்று கோர்ட்டில் கேட்பதற்குக் குறைந்தது 96 மணி நேரத்துக்கு முன்னால், ஓர் அதிகாரி பையனிடம் சார்ஜ் ஷீட் நகலைக் கொடுத்து, தற்காப்புக்கு அவனுக்குள்ள உரிமைகளைச் சொல்ல வேண்டும். ஆக்டிவ் சர்வீஸ் என்றால் 24 மணி நேரம். இது ஏதோ சம்பிரதாயம் இல்லை. கட்டாய விதி, நேரம் குறைந்தால் விசாரணையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் ஏ.கே. பாண்டே வழக்கில் முடிவு சொன்னது. ஆகவே நகல் கைக்கு வந்த தேதியும் நேரமும் அந்த நகலின் மூலையிலேயே எழுதப்பட வேண்டும். கையெழுத்துப் போடச் சொன்னால் நேரத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முந்தின தேதி போட்ட காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

அதே விதியில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. பையன் விரும்பினால் சார்ஜ் ஷீட்டை அவனுக்குப் புரிந்த மொழியில் பெயர்த்துத் தர வேண்டும். தமிழில் கேட்கலாம் என்று அர்த்தம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் படித்த பையனுக்கு ஆங்கிலத்தில் வருகிற குற்றச்சாட்டு என்ன புரியும்? 'குட் ஆர்டருக்கும் மிலிட்டரி டிசிப்ளினுக்கும் கேடு' என்பது 63ஆம் பிரிவு, எதையும் அள்ளிப்போடும் கூடை. அந்தக் கூடைக்குள் குறிப்பாக என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தமிழில் படித்தால்தான் அவனால் பதில் சொல்ல முடியும்.

ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் என்றால் சம்மரி ஆஃப் எவிடென்ஸ் நகலும் குறைந்தது நான்கு நாள் முன்னதாக இலவசமாகக் கிடைக்க வேண்டும். வந்ததும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். ரகசியத் தகவல் உள்ள கேஸ் என்றால் அப்படிச் செய்வதே புதுக் குற்றமாகும். வக்கீலோ, பையனுக்காக வாதாடும் ராணுவ அதிகாரியான டிபெண்டிங் ஆபீசரோ நேரில் பார்க்கட்டும்.

கூட யார் நிற்கலாம்

'வக்கீல் கூடாது' என்ற ஊர்ப் பேச்சு வந்தது இங்கிருந்துதான். ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் டிபெண்டிங் ஆபீசர் உண்டு. வெளி வக்கீலும் வாதாடலாம், செலவு நம்முடையது. சம்மரி கோர்ட் மார்ஷலில் 129ஆம் விதி: 'பிரெண்ட் ஆஃப் அக்யூஸ்ட்' என்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் வக்கீலாகவும் இருக்கலாம். அவர் காதில் யோசனை சொல்லலாம், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். சாட்சியிடம் நேரடியாகக் கேட்கவோ கோர்ட்டைப் பார்த்துப் பேசவோ மட்டும் கூடாது. அவர் பேசக் கூடாது என்பதைத்தான் வக்கீலே கூடாது என்று மாற்றிச் சொல்கிறார்கள்.

யூனிட்டே ஒருவரைக் காட்டி "இவர் உன் பிரெண்ட்" என்றால் தலையாட்டிவிட வேண்டாம். பையன் நம்புகிற, முடிந்தால் தமிழ் தெரிந்த ஒருவரை எழுத்தில் கேட்கட்டும். வக்கீல் வைப்பதானால் கோர்ட் மார்ஷல் பார்த்த அனுபவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். செக் பவுன்ஸ் கேஸில் கெட்டிக்காரர் என்பது இங்கே உதவாது. ஆள் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

'கில்ட்டி' என்ற சொல்

சம்மரி கோர்ட் மார்ஷலில் இந்த ஒரு சொல்லால் எல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒத்துக்கொண்டால் சாட்சிகளை அழைக்க வேண்டியதில்லை, சம்மரி ஆஃப் எவிடென்ஸைப் படித்துவிட்டுத் தண்டனைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் 115ஆம் விதி கோர்ட்டின் மேல் ஒரு பாரத்தை வைக்கிறது. பையனுக்குக் குற்றச்சாட்டு புரிந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும், விசாரணை எப்படிச் சுருங்கும் என்று சொல்ல வேண்டும். சாட்சியங்களைப் பார்த்தால் மறுத்திருக்க வேண்டியவன் என்று தெரிந்தால் வாபஸ் வாங்கச் சொல்லவும் வேண்டும். பிறகு அவன் பேசுவதிலிருந்து புரியாமல்தான் ஒத்துக்கொண்டான் என்று தெரிந்தால், கோர்ட்டே அதை 'நாட் கில்ட்டி' என்று மாற்றி எழுத வேண்டும்.

"ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பது எனக்குத் தெரிந்து பட்டாளத்திலேயே விலை அதிகமான யோசனை. முடிந்துவிடும்தான், வேலையும் சேர்ந்து முடிந்துவிடும். டிஸ்சார்ஜ் வேறு, டிஸ்மிஸ் வேறு. டிஸ்மிஸ் ஆனவனுக்கு அதுவரை செய்த சர்வீஸுக்குச் சாதாரணமாகப் பென்ஷன் கிடையாது. பதினான்கு வருடம் பனியில் நின்றவன் வெறுங்கையோடு வருவான்.

கோர்ட் உட்காரும் நாள்

உட்காரும் அதிகாரிகளின் பெயரைப் படித்து, யார் மேலாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். 130ஆம் பிரிவு. உண்டென்றால் அப்போதே சொல்ல வேண்டும். 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரஞ்சித் தாக்கூர் வழக்கை இதற்காகத்தான் எல்லோரும் சொல்வார்கள். சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று ஒரு சிக்னல்மேனுக்கு 1 வருடச் சிறை, டிஸ்மிஸ். அவர் யார்மேல் புகார் எழுதியிருந்தாரோ அந்த அதிகாரியே கோர்ட்டாக உட்கார்ந்திருந்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்கவும் இல்லை. தண்டனையும் குற்றத்துக்கு அளவு மீறியது என்று சொல்லி நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது.

சாட்சியச் சட்டம் சாதாரணக் கோர்ட்டில் உள்ளதுதான். பல பேர் உட்காரும் கோர்ட்டில் கருத்துக் கேட்பது ரேங்கில் சின்னவரிடமிருந்து தொடங்கும். ஓட்டு சமமானால் பையன் பக்கம். நம்ம ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் வாய் திறந்த பிறகு மற்றவர்கள் "ஆமாங்க" என்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, இந்தத் தலைகீழ் ஏற்பாடு முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அதில்தான் நியாயம் இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு

ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் தீர்ப்பு மேலதிகாரி உறுதி செய்யும் வரை செல்லாது. அதற்குள்ளேயே ஒரு மனு கொடுக்கலாம். உறுதியான பிறகு 164ஆம் பிரிவில் ராணுவத் தளபதிக்கோ மத்திய அரசுக்கோ மனு. சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு உறுதி செய்யும் கட்டம் பொதுவாக இல்லை, தண்டனை உடனே அமலாகும், மனு மட்டும் உண்டு.

மேல்முறையீட்டுக்கே வழியில்லாதது பெரிய குறை என்று 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டது. ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது 2007இல்தான். சென்னையில் அதன் கிளை இருக்கிறது. வேலையை விட்டு வந்தவன் தான் குடியிருக்கும் இடத்துக்குரிய கிளையிலேயே மனுப் போடலாம், ஆகவே யூனிட் எங்கே இருந்தாலும் ஈரோட்டுக்காரர் சென்னைக்குப் போனால் போதும். சம்மரி கோர்ட் மார்ஷலில் டிஸ்மிஸ் அல்லது 3 மாதத்துக்கு மேல் சிறை என்றால்தான் தீர்ப்பாயம் எடுக்கும். அதற்குக் குறைந்தால் உயர் நீதிமன்றத்தைத்தான் பார்க்க வேண்டும். முதலில் துறைக்குள் மனுக் கொடுத்தீர்களா என்று தீர்ப்பாயம் கேட்கும். மனுவுக்கு 6 மாதம் பதிலே வராவிட்டால், துறைக்குள் இருந்த வழி முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு மேலே போகலாம். தீர்ப்பாயத்துக்கும் காலக்கெடு உண்டு, தாமதித்தால் ஏன் என்று விளக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் வேண்டியது விசாரணை நடவடிக்கைகளின் நகல். தண்டிக்கப்பட்டவன் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 147ஆம் விதி. ஆனால் அந்தக் கோப்புகளை என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள், காலம் கடந்தால் அழித்துவிடுவார்கள். கேட்ட கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்த அம்மாவின் ஆர்டரில் தேதியைப் பார்த்தேன். நாலு மாதம் முடிந்திருந்தது. சார்ஜ் ஷீட் நகல் எங்கே என்று கேட்டேன். "அவன் கொண்டாந்த இரும்புப் பொட்டீல கெடக்குமுங்க. வந்ததுலருந்து அதெத் தொறக்கவே உடமாட்டேங்கறானுங்க" என்றார். மகனையும் பெட்டியையும் சேர்த்து அழைத்து வரச் சொல்லி, அந்தியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். நகலின் மூலையில் அவன் நேரம் எழுதியிருக்கிறானா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.